குழந்தையைச் சந்திக்கும் உரிமை (இந்தியா)

குழந்தையைச் சந்திக்கும் உரிமை அல்லது சந்திப்புரிமை என்பது, பெற்றோர் மணமுறிவு பெற்ற அல்லது பிரிந்து வாழும் நிலையில், பிள்ளையின் பொறுப்புரிமையைப் பெறாத தாயோ தந்தையோ நீதிமன்றம் குறித்த நாளிலும் இடத்திலும் பிள்ளையைச் சந்தித்துப் பழகுவதற்கான உரிமை ஆகும். இவ்வாணை மீறப்பட்டால் அதை நிறைவேற்ற இந்தியச் சட்டத்தில் பல வழிகள் உள்ளன. எனினும் மீறியவரைத் தண்டிப்பது அவரிடம் வளரும் பிள்ளையையும் பாதிக்கக்கூடும். எனவே பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்றுவதைப் போல இது எளிதன்று.

சட்ட அடிப்படை

இந்துத் திருமணச் சட்டம், 1955 (பிரிவு 26), சிறப்புத் திருமணச் சட்டம், 1954 (பிரிவு 38), காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890 ஆகியவற்றின் கீழ் பிள்ளைகள் குறித்த ஆணைகள் பிறப்பிக்கப்படுகின்றன. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2005 (பிரிவு 21) குற்றவியல் நடுவருக்கும் சந்திப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை அளிக்கிறது. சந்திப்பு பிள்ளைக்குத் தீங்காகும் எனக் கருதினால் நடுவர் அதை மறுக்க வேண்டும். எல்லாச் சட்டங்களிலும் பிள்ளையின் நலனே முதன்மையானது.

சந்திப்பின் வடிவங்கள்

சந்திப்பு குடும்ப நீதிமன்ற வளாகத்தில் சில மணி நேரமாகவோ, வார இறுதியாகவோ, பள்ளி விடுமுறையின் ஒரு பகுதியாகவோ அமையலாம். அச்சத்திற்கு இடமிருப்பின் பிறர் மேற்பார்வையில் நடத்தப்படும். யசிதா சாகு எதிர் இராசசுத்தான் மாநிலம் (2020) வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் சந்திக்க இயலாத பெற்றோர் தொலைபேசி, காணொளி அழைப்பு போன்றவற்றின் வழியே பிள்ளையுடன் பேசும் தொடர்புரிமையையும் வலியுறுத்தியது. மிக அரிதான சூழ்நிலையில் மட்டுமே ஒரு பெற்றோருக்குத் தொடர்பு முற்றிலும் மறுக்கப்படலாம் என்றும் அது கூறியது.

ஆணையை நிறைவேற்றும் வழிகள்

1. நிறைவேற்றல் மனு: குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, பிரிவு 18-இன்படி, குடும்ப நீதிமன்றத்தின் ஆணை உரிமையியல் நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றப்படும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, கட்டளை 21, விதி 32, உறுத்துக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வாய்ப்பிருந்தும் வேண்டுமென்றே கீழ்ப்படியாதவரின் சொத்தைப் பற்றுகை செய்யவும், அவரை உரிமையியல் சிறையில் வைக்கவும் இடமளிக்கிறது.

2. 1890 சட்டத்தின் பிரிவு 45: பிரிவு 12-இன் கீழ்ப் பிள்ளையை முன்னிலைப்படுத்துமாறு கட்டளையிடப்பட்டும் அவ்வாறு செய்யாதவருக்கு 100 ரூபாய் வரை தண்டமும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10 ரூபாய் வரையும், மொத்தம் 500 ரூபாய்க்கு மிகாமல் விதிக்க அச்சட்டம் வகை செய்தது. இத்தொகைகள் இன்றைய நிலையில் மிகச் சிறியவை. பிள்ளையை முன்னிலைப்படுத்த உறுதியளிக்கும் வரை உரிமையியல் சிறையில் வைக்கவும் அப்பிரிவு இடமளிப்பதே அதன் வலிமை.

3. நீதிமன்ற அவமதிப்பு: நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-இன்படி, வேண்டுமென்றே ஆணையை மீறுவது உரிமையியல் அவமதிப்பு ஆகும். ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கீழமை நீதிமன்ற ஆணை மீறப்பட்டால் இந்நடவடிக்கை உயர் நீதிமன்றத்தில் நடைபெறும். மீறல் நிகழ்ந்த ஓராண்டுக்குள் இது தொடங்கப்பட வேண்டும்.

4. ஆணையை மாற்றுதல்: ரோசி சேக்கப் எதிர் சேக்கப் சக்கிரமாக்கல் (1973) வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்றும், பொறுப்புரிமை ஆணைகள் சூழ்நிலைக்கேற்ப மாற்றத்தக்கவை என்றும் அதில் கூறப்பட்டது. எனவே தொடர்ந்து தடை ஏற்படும்போது தவறிய நாள்களுக்கு ஈடான சந்திப்பையோ, சந்திப்பு இடத்தின் மாற்றத்தையோ, பொறுப்புரிமையின் மறுபரிசீலனையையோ கோரலாம்.

ஆணை மீறப்பட்டது என்பதற்காகப் பிள்ளையை வலிந்து தூக்கிச் செல்லும் உரிமை எவருக்கும் இல்லை. சந்திப்பும் பராமரிப்புத் தொகையும் தனித்தனிக் கடமைகள். பணம் செலுத்தப்படவில்லை எனச் சந்திப்பைத் தாமே நிறுத்துவதோ, சந்திப்பு மறுக்கப்பட்டது எனப் பணத்தைத் தாமே நிறுத்துவதோ தகாது. இரண்டிற்கும் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

பிள்ளை மறுக்கும் நிலை

பிள்ளையே வர மறுக்கும் வழக்குகள் கடினமானவை. மறுப்பு அச்சத்தால் எழுந்ததா, உடன் வாழும் பெற்றோரின் தூண்டுதலால் எழுந்ததா என்பதை அறிய நீதிபதி பிள்ளையைத் தம் அறையில் தனியே சந்திப்பதும், ஆற்றுப்படுத்துநரின் அறிக்கையைப் பெறுவதும் உண்டு. விவேக் சிங் எதிர் ரோமானி சிங் (2017) வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பெற்றோரிடமிருந்து பிள்ளையின் மனத்தை விலக்கும் போக்கைக் கருத்தில் கொண்டது. ஆனால் தக்க சான்றின்றி அவசரமாக அவ்வாறு முடிவு கட்டலாகாது என 2024-இல் மற்றொரு வழக்கில் எச்சரித்தது.

எல்லைகளும் சீர்திருத்தமும்

எல்லா வழிகளுக்கும் பொதுவான குறை காலத்தாழ்வு ஆகும். மனு நிலுவையில் இருக்கும் மாதங்களில் சிறு பிள்ளை பெற்றோரை அந்நியராக எண்ணத் தொடங்கலாம். பின்னர் விதிக்கப்படும் தண்டம் அந்த இழப்பை ஈடுசெய்வதில்லை. பிள்ளை வெளிநாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டால் சிக்கல் மிகுதியாகும். பன்னாட்டுப் பிள்ளைக் கடத்தல் தொடர்பான 1980 ஆம் ஆண்டு ஏகு உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் வெளியிட்ட தனது 257-ஆம் அறிக்கையில், பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்புரிமை வழங்க வகை செய்யுமாறு பரிந்துரைத்தது.

இவற்றையும் பார்க்க

மணமுறிவு
குடும்ப நீதிமன்றம்
ஆட்கொணர்வு மனு