டைனோசர் உருவங்கள்: சேகரிப்பும் பதிப்பு ஒப்பீடும்

யானைப் பொம்மை செய்பவர் யானையைப் பார்த்துச் செய்யலாம். டைனோசரைப் பார்த்தவர் யாரும் இல்லை. எலும்பை வைத்து உடலை ஊகிக்க வேண்டும். புதிய எலும்பு கிடைத்தால் ஊகம் மாறும். ஊகம் மாறினால் பொம்மையின் அச்சும் மாறும். அளவு விகிதத்தோடும் அறிவியல் சான்றோடும் வார்க்கப்பட்ட டைனோசர் உருவங்களைத் திரட்டுவதும், ஒரே விலங்குக்கு வெவ்வேறு காலத்தில் வெளிவந்த பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் இன்று பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற சொல் இதற்குச் சற்றுச் சிறியது. ஒரு விலங்கின் பத்துப் பதிப்புகளை வரிசையாக நிறுத்தினால், அந்த விலங்கைப் பற்றி மனிதர் எப்போது என்ன நினைத்தார்கள் என்பது அந்த வரிசையில் தெரியும்.

தொடக்கம்

'டைனோசோரியா' என்ற பெயரை ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1842இல் அச்சில் வெளியிட்டார். பன்னிரண்டே ஆண்டுகளில் அந்த விலங்குகள் முழு உருவம் பெற்றன. லண்டனின் தெற்கே சிடன்ஹாமில் 1854இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக, பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி ஓவனின் ஆலோசனையோடு இகுவானோடான், மெகலோசாரஸ், ஹைலியோசாரஸ் ஆகியவற்றை உயிரளவில் அமைத்தார். 1853 டிசம்பர் 31 அன்று இகுவானோடானின் அச்சுக்குள் மேசை போட்டு அறிஞர்களுக்கு விருந்து வைத்த செய்தி இன்றும் பேசப்படுகிறது. காண்டாமிருகம்போல நான்கு கால்களில் நின்ற அந்த இகுவானோடானுக்கு மூக்கின்மேல் ஒரு கொம்பு வைக்கப்பட்டிருந்தது.

இந்தச் சிலைகளின் சிறு மாதிரிகளை ஹாக்கின்ஸ் சுதையில் வார்த்தார். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஹென்றி வார்டு நடத்திய இயற்கைப் பொருள் நிறுவனம் அவற்றைக் கல்லூரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றது. வீட்டு அலமாரிக்கு வந்துசேர்ந்த டைனோசர் உருவங்களின் மூதாதை இவைதாம்.

1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, முப்பதுக்கும் மேற்பட்ட இகுவானோடான் எலும்புக்கூடுகள் கிடைத்தன. மூக்கில் வைத்த கொம்பு உண்மையில் கட்டைவிரலின் முள் என்று அப்போது உறுதியானது. லூயி டோலோ அந்த விலங்கைக் கங்காருபோல நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். 1980இல் டேவிட் நார்மன் வெளியிட்ட ஆய்வு அதையும் திருத்தியது. அந்த வாலை அப்படி வளைக்கவேண்டுமானால் எலும்பை உடைத்தால்தான் முடியும். விலங்கு முதுகையும் வாலையும் தரைக்கு இணையாக நீட்டி நடந்திருக்கிறது. ஆக இகுவானோடான் ஒன்றுக்கே மூன்று பெரிய உருவ மாற்றங்கள். கொம்பு வைத்தது, நிமிர்ந்து நிற்பது, கிடைமட்டமாக நடப்பது என மூன்று பொம்மைகளை வாங்கிவைத்தால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட விவாதம் ஒரு சாண் இடத்தில் அடங்கிவிடும்.

மலிவுப் பொம்மைகளின் காலம்

அமெரிக்காவில் டைனோசரை வீட்டுப் பொருளாக்கியதில் சிங்க்ளேர் எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிரான்டோசாரஸைத் தன் சின்னமாக்கிய அந்த நிறுவனம், 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'டைனோலேண்ட்' என்ற அரங்கை அமைத்தது. காசு போட்டால் கண்ணெதிரே மெழுகுபோன்ற பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி டைனோசர் வார்த்துத் தரும் இயந்திரங்கள் அங்கே இருந்தன. கையில் வாங்கும்போது அது இன்னும் இளஞ்சூடாக இருக்கும்.

தகரப் பொம்மைகளால் பெயர் பெற்ற லூயி மார்க்ஸ் நிறுவனம் 1955 முதல் பிளாஸ்டிக் டைனோசர்களைத் தொகுப்பாக விற்றது. சார்லஸ் நைட்டின் ஓவியங்களும், யேல் பீபாடி அருங்காட்சியகச் சுவரில் ருடால்ஃப் சாலிங்கர் 1947இல் முடித்த பெரும் ஓவியமும் இவற்றுக்கு முன்மாதிரி. பதிப்பு ஒப்பீடு என்ற பழக்கம் வேரூன்றியதும் மார்க்ஸ் பொம்மைகளில்தான். தொடக்ககால டைரனோசாரஸுக்குத் தொந்தி உண்டு. பின்னால் வந்த அச்சில் உடல் மெலிந்தது. அதே அச்சுகள் பிற்காலத்தில் வேறு கைகளுக்குப் போய், வேறு பிளாஸ்டிக்கில், வேறு நிறத்தில் மறுபடியும் வார்க்கப்பட்டன. மூலப் பதிப்பு எது, மறுவார்ப்பு எது என்பதை நிறத்தையும் பிளாஸ்டிக்கின் பளபளப்பையும் விரல் உணரும் வழவழப்பையும் வைத்துப் பிரித்தறிவதில் பழைய சேகரிப்பாளர்கள் கைதேர்ந்தவர்கள்.

அருங்காட்சியக முத்திரை

பொம்மை என்ற நிலையிலிருந்து உருமாதிரி என்ற நிலைக்கு உயர்த்தியது இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே ஓட்பியில் இருந்த இன்விக்டா பிளாஸ்டிக்ஸ். 'மாஸ்டர்மைண்ட்' என்ற மூளை விளையாட்டை வெளியிட்டதும் இதே நிறுவனம்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1974 முதல் 1:45 அளவில் இது உருவங்களை வார்த்தது. ஒவ்வொன்றும் ஒரே நிறம். கண்ணுக்கோ நகத்துக்கோ தனி வண்ணம் கிடையாது. ஒன்றைக் கையில் எடுத்துச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால், வண்ணம் மறைக்காத தோல் மடிப்புகள் நிழலோடு எழும்பித் தெரியும். பிற்காலத்தில் இதே உருவங்கள் வண்ணம் தீட்டியும் விற்கப்பட்டன. என் கணிப்பில் ஒற்றை நிறப் பதிப்பே மேலானது; சிற்பியின் கைவேலை அதில்தான் முழுமையாகத் தெரிகிறது.

அடுத்து வந்தது கார்னகி தொகுப்பு. பிட்ஸ்பர்க் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒப்புதலோடு சஃபாரி நிறுவனம் 1988இல் தொடங்கி 2015 வரை வெளியிட்ட இந்த வரிசை 1:40 அளவை ஒரு பொதுத் தரமாக நிலைநிறுத்தியது. சிற்பி ஃபாரஸ்ட் ராஜர்ஸ். கையால் வண்ணம் தீட்டப்பட்டவை என்பதால் ஒரே உருவத்தின் இரு பிரதிகள்கூட முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. 1988 டைரனோசாரஸ் நிமிர்ந்து, வாலை ஊன்றி, முக்காலிபோல நின்றது. ஆனால் விரைந்து ஓடிய டெய்னோனிகஸை ஜான் ஆஸ்ட்ரம் 1969இலேயே விவரித்துவிட்டார். சோம்பிக் கிடந்த பல்லிகள் என்ற படிமம் அப்போதே உடையத் தொடங்கிவிட்டது. அச்சு ஆய்வைவிட இருபது ஆண்டு பின்தங்கி வந்தது வியப்பல்ல. நியூயார்க் அருங்காட்சியகமே 1915இல் நிமிர்த்தி வைத்த தன் டைரனோசாரஸ் எலும்புக்கூட்டை 1995இல்தான் கிடைமட்டத்துக்கு மாற்றியது.

இடையில் பாட்டாட் நிறுவனம் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1990களில் ஒரு வரிசை வெளியிட்டது. டான் லொருஸ்ஸோ, கிரிகரி வென்செல் போன்றோர் செதுக்கிய அவை சில ஆண்டுகளில் நின்றுபோயின. நின்றபின் அவற்றுக்கான தேட்டம் பல மடங்கானது. பின்னாளில் 'டெரா' என்ற பெயரில் சில பழைய உருவங்கள் புது வண்ணத்தோடு திரும்பின.

படமும் சீனப் பட்டறைகளும்

1993இல் 'ஜுராசிக் பார்க்' வந்தது. கென்னர் நிறுவனத்தின் பொம்மைகளில் தோல் துண்டைக் கழற்றினால் காயமும் சதையும் தெரியும் உத்தி இருந்தது, குழந்தைகள் விரும்பினார்கள். அந்தப் படம் உலகின் கண்ணில் பதித்த உருவத்தை மிக நுணுக்கமாகச் செதுக்கியது பிரான்சின் பாப்போ. அதன் 2005 டைரனோசாரஸின் செதில்களும் கழுத்துச் சுருக்கங்களும் அந்த விலைக்கு அதுவரை காணாதவை. ஆயினும் நுணுக்கம் வேறு, சரித்தன்மை வேறு. பாப்போவின் பழைய வெலாசிராப்டருக்கு இறகு இல்லை. இறகுள்ள டைனோசரான சைனோசாரோப்டெரிக்ஸ் சீனத்தின் லியாவோனிங்கில் 1996இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது.

ஜப்பானின் காயோடோ வேறு வழியில் போனது. சிற்பி மட்சுமுரா ஷினோபு செதுக்கிய உள்ளங்கைக்குள் அடங்கும் உருவங்களை 'டைனோடேல்ஸ்', 'சோகோலாசார்ஸ்' வரிசைகளில் சிறு துண்டுகளாகப் பிரித்து, கூட்டிக்கொள்ளும்படி விற்றது. ஒரே உருவத்துக்கு வெவ்வேறு நிறம் என்ற வழக்கம் அங்கே உறுதிப்பட்டது. ஹாங்காங்கின் கலெக்டா, பெரிய நிறுவனங்கள் தொடாத விலங்குகளைச் செய்தது. குஜராத்தின் ராஹியோலியில் கிடைத்து 2003இல் பெயர் சூட்டப்பட்ட நம் நாட்டு ராஜாசாரஸ் அவற்றுள் ஒன்று.

2016இல் டேவிட் சில்வா பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, மூட்டுகள் அசையும் 1:6 அளவு ராப்டர்களை உருவாக்கினார். பெய்ஜிங்கின் பிஎன்எஸ்ஓ, ஓவியர் ஜாவோ சுவாங்கின் வடிவமைப்பில், ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பெயர் சூட்டுகிறது. டைரனோசாரஸுக்கு வில்சன், ஸ்பைனோசாரஸுக்கு எஸ்ஸியன். இரண்டு காலில் நிற்கும் விலங்குகள் சாயாமலிருக்கக் கண்ணாடிபோன்ற ஒரு தாங்குகோலும் பெட்டியில் இருக்கும். 2022இல் நுழைந்த ஹாவோலாங்குட், சீனப் பழம்பெரும் நாவலான 'ஷுய்ஹு ஜுவா'னின் வீரர்கள் பெயரைத் தன் உருவங்களுக்கு வைத்து, பெரும்பாலும் இரு நிறங்களில் குறைந்த விலையில் தருகிறது.

ஒப்பிடும் முறை

முதலில் உருவத்தைக் கவிழ்த்து வயிற்றைப் பார்க்க வேண்டும். நிறுவனம், ஆண்டு, தயாரித்த நாடு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் புடைப்பெழுத்தில் இருக்கும். அந்த ஆண்டு அச்சு உருவான ஆண்டு. கையிலுள்ள பிரதி வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. இதை அறியாமல் ஏமாந்தவர் பலர். பிறகு இரு பதிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு அச்சிலா, வண்ணத்திலா என்று பிரிக்க வேண்டும். மடிப்புகளும் இணைப்புக் கோடும் ஒரே இடத்தில் ஓடினால் அச்சு ஒன்றே. நிறம் எவ்வளவு மாறியிருந்தாலும் அது மறுவண்ணம்தான். ஒரு மடிப்பு இடம் மாறியிருந்தால் புது அச்சு.

அளவைச் சரிபார்ப்பது எளிய வகுத்தல். 12 மீட்டர் நீள டைரனோசாரஸ் 1:40இல் 30 செ.மீ., 1:35இல் 34 செ.மீ. இருக்க வேண்டும். வளைந்த வாலின் நீளத்தை ஸ்கேலால் அளக்கக் கூடாது. முதுகெலும்பை ஒட்டி நூல் பிடித்து அளக்க வேண்டும். அடுத்து கைகள். ஊனுண்ணி டைனோசர்களின் உள்ளங்கைகள், நாம் கைதட்டும்போது இருப்பதுபோல ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். மேசையில் தாளம் போடுவதுபோலக் கீழ்நோக்கியிருந்தால் அது திரைப்பட மரபு. பற்களை உதடு மூடியிருக்கிறதா என்பதும் இப்போது முக்கியம்; டைரனோசாரஸுக்கு உதடு இருந்திருக்கும் என்று வாதிடும் ஆய்வு 2023இல் வெளிவந்தபின் பலர் முதலில் பார்ப்பதே வாயைத்தான். நிறமும் இனி முழுக்கக் கற்பனையல்ல. 2010இல் சைனோசாரோப்டெரிக்ஸின் இறகுகளில் நிறமித் துகள்கள் கண்டறியப்பட்டு, அதன் வால் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வந்த பட்டைகள் கொண்டது என்று காட்டப்பட்டது. அதன் பொம்மை வாலில் பட்டையில்லாமல் இருந்தால் அது ஒரு குறை.

ஒப்பீட்டுக்கு மிகச் சிறந்த விலங்கு ஸ்பைனோசாரஸ். எகிப்தின் பஹாரியாவில் 1912இல் கிடைத்த எலும்புகளை எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் விவரித்தார். 1944 ஏப்ரலில் மியூனிக் மீது நடந்த குண்டுவீச்சில் அவை அழிந்தன. அதனால் பல ஆண்டுகள் சிற்பிகள் ஒரு பெரிய ஊனுண்ணியின் உடலில் முதுகுப் பாயைப் பொருத்தி ஒப்பேற்றினார்கள். உறவு விலங்குகள் தெரியவந்தபின் முகம் முதலைபோல நீண்டது. 2014இல் நிசார் இப்ராஹிம் குழுவினர் பின்னங்கால்கள் குட்டையானவை என்றனர். 2020இல் துடுப்புபோன்ற அகன்ற வால் வெளிப்பட்டது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் நிறுவனங்கள் புது அச்சு வெட்டின. ஆறு ஆண்டு இடைவெளியில் வாங்கிய இரண்டு ஸ்பைனோசாரஸ்கள் இரு வேறு விலங்குகள்போல நிற்பது இதனால்தான்.

திருத்தம் எப்போதும் ஒரே திசையில் போவதும் இல்லை. சஃபாரி நிறுவனம் 2017இல் டக் வாட்சன் செதுக்கிய இறகு போர்த்திய டைரனோசாரஸை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் பில் பெல் குழுவினர், அதன் கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளின் தோல் பதிவுகளில் செதில்களே இருப்பதைக் காட்டினர். அந்த உருவம் கடைக்கு வந்த சில மாதங்களிலேயே பழையதாகிவிட்டது. நான் அதைத் தோல்வியாகக் கருதவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கையிலிருந்த சான்றுக்கு அது நேர்மையாக நின்றது. சேகரிப்பில் இடம்பெற வேண்டியவற்றில் அது முதன்மையானது.

பாதுகாப்பு

பிவிசி பிளாஸ்டிக் வெப்பத்தில் இளகும். மெலிந்த கால்களில் நிற்கும் உருவங்கள் கோடையில் மெல்ல மெல்ல முன்னால் சாயும். சூடான நீரில் காலை முக்கி, இளகியதும் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் நிமிர்ந்துவிடும். நேரடி வெயில் வண்ணத்தை வெளுக்கச் செய்யும். பழைய உருவங்களில் மேற்பரப்பு பிசுபிசுப்பது பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிவதால்; மெல்லிய சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தலாம். ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கக் கூடாது. சிறு குறிப்புச் சீட்டில் வாங்கிய ஆண்டை எழுதி உருவத்தோடு வைத்துவிடுவது பின்னால் ஒப்பிடுவோருக்குப் பேருதவி.

புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிடுவோர் உண்டு; அது கூடாது. பழையது பக்கத்தில் இல்லாவிட்டால் எது திருத்தப்பட்டது என்பதே தெரியாமல் போகும். சிடன்ஹாமில் ஹாக்கின்ஸ் அமைத்த சிலைகள் 2007 முதல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. பலமுறை பழுதுபார்க்கப்பட்டுவிட்டன. இகுவானோடானின் மூக்கில் கொம்பு இன்றும் அப்படியே இருக்கிறது.