ஆட்டம் இல்லாத நாளில் அலங்காநல்லூர்

விளையாட்டுக்குப் பேர்போன இடம் என்றால் சேப்பாக்கம், ஈடன் கார்டன்ஸ், லார்ட்ஸ் என்று அடுக்குவோம். ஆனால் வருடத்தில் ஒரு நாள் ஆட்டத்துக்காகவே உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு வாசல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் வாடிவாசல்தான் அது!

நாங்கள் அங்கே போனது திட்டம் போட்டு அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெய்க்காரப்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தன் "அலங்காநல்லூர் போலாமாடா?" என்றான். அரை மணி நேரத்தில் ஐந்து பேர் காரில் ஏறிவிட்டோம். பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வாடிப்பட்டி என்று 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியெல்லாம் ஒரே வாக்குவாதம். "நம்ம பெரியகலையம்புத்தூர்லயே ஜல்லிக்கட்டு நடக்குது. பொங்கலும் இல்ல, மாடும் இல்ல, அங்க போய் எதைப் பாக்கப் போறோம்?" என்று ஒருத்தன் கேட்டுக்கொண்டே வந்தான்.

போய் நின்றதும் எல்லோருக்கும் தோன்றியது, "இவ்வளவுதானா?" என்பதுதான். ஊருக்குள்ளே ஒரு வாசல். காளை ஒவ்வொன்றாக வெளியே வரும் வழி. ஆட்டத்தன்று முன்னால் தென்னை நார்க்கழிவைப் பரப்பி, முதலில் கோயில் காளையை அவிழ்த்துவிடுவார்கள். அதை யாரும் பிடிப்பதில்லை. அதன் பிறகுதான் போட்டி. திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும். கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது.

இந்த விளையாட்டின் வயது நமக்குத் தெரிந்ததுதான். கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலை விரிவாகப் பாடுகிறது. கொம்பில் சல்லிக்காசு முடிப்பைக் கட்டியதால் சல்லிக்கட்டு, அதுவே பிறகு ஜல்லிக்கட்டு ஆனது என்பார்கள். ஆனால் இந்த வாசலை இன்று இவ்வளவு பெரிய அடையாளமாக்கியது பழமை மட்டும் அல்ல. கடந்த இருபது வருட வரலாறும்தான்.

2006-இல் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த ஒரு வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தது. மேல்முறையீட்டில் அது நீங்கியது. 2009-இல் தமிழக அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011-இல் மத்திய அரசு, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் முழுத் தடை விதித்தது. மாட்டுக்கு நேரும் துன்பம் என்பதுதான் வழக்கின் மையம். அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாடு மட்டுமல்ல, மனிதர்களும் இதில் உயிரிழந்திருக்கிறார்கள்.

2015, 2016 இரண்டு பொங்கலுக்கும் வாசல் திறக்கவில்லை. 2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் ஊர்மக்களும் வெளியூர் இளைஞர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை போலீஸ் அவர்களைக் கைது செய்தது. அந்தச் செய்தி பரவித்தான் மெரினாவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. மெரினா எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பொறி விழுந்த இடத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைக்க மதுரை வந்தபோது, "நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்று அலங்காநல்லூர் மக்கள் மறுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் ஏங்கிய ஊர், கைக்கு வந்த ஆட்டத்தையே வேண்டாம் என்றது! 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 10 அன்று காளைகள் மீண்டும் சீறி வந்தன. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

2024 ஜனவரி 24 முதல் பக்கத்தில் கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கமும் இருக்கிறது. பிரமாண்டமான கட்டடம், வசதியான இருக்கைகள். அது பார்வையாளருக்கு நல்லதுதான். ஆனால் கிடைத்த ஆட்டத்தைவிடச் சட்டமே முக்கியம் என்று ஓர் ஊர் நின்ற இடம் இந்தச் சின்ன வாசல்தான். "எதைப் பாக்கப் போறோம்?" என்ற கேள்விக்குப் பதிலும் அதுதான். மதுரைப் பக்கம் போனால், ஆட்டம் இல்லாத நாளிலும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள் நண்பர்களே.