ஃபங்க் இசை: தமிழகத்தில் தோற்றமும் மறுவருகையும்

ஃபங்க் என்பது 1960களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின இசைக் கலைஞர்களிடம் உருவான, தாளத்தை முதன்மையாகக் கொண்ட இசைவகை. இதில் மெட்டுக்கு இரண்டாம் இடம்தான். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, நம்மவர் சமம் என்று சொல்லும் முதல் அடியில் அழுத்தம் விழும். இதை வளர்த்தவர்களில் முதல்வர் ஜேம்ஸ் பிரௌன். 1987இல் ஜைல்ஸ் பீட்டர்சனும் எடி பில்லரும் லண்டனில் தொடங்கிய ‘ஆசிட் ஜாஸ்’ இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரே, ஃபங்க்கையும் ஜாஸையும் நடன விடுதிக்காகக் கலந்த பாணிக்கும் நிலைத்தது. இன்காக்னிட்டோ, ஜாமிரோகுவாய் ஆகியவை இப்பாணியின் புகழ்பெற்ற குழுக்கள்.

திரைப்படக் காலம்

தமிழில் ஃபங்க் மேடையில் பிறக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் இளையராஜா. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய ‘நினைவோ ஒரு பறவை’ இதற்குச் சான்று. சொல்லில்லாத குரல் இழைகளுக்கு அடியில் பேஸ் கிட்டார் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். பாட்டைத் தூக்கிப் பிடிப்பதே அதுதான். அதே ஆண்டின் ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானதால் தாளக் கருவிகள் இடம் வலமாகப் பிரிந்து கேட்டன. எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்தின் ‘எங்கேயும் எப்போதும்’ பிறகு வந்தது. அதை முதன்மையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் அது டிஸ்கோவுக்கே நெருக்கம்.

அமெரிக்காவில் ஃபங்க் பெரும்பாலும் ஒத்திகையில் வாசித்து வாசித்து உருவாவது. இங்கே இளையராஜா பேஸ் பகுதி உட்பட எல்லாவற்றையும் மேல்நாட்டு இசைக்குறிப்பில் எழுதிக் கொடுத்தார். பேஸில் சசிதரன், டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மேனுவல் ஆகியோர் அதை வாசித்தனர். எழுதி வைத்த இசை இவ்வளவு துள்ளலாக ஒலித்தது அந்த வாசிப்பாளர்களின் கைவண்ணம். அவர்களில் பலருடைய பெயர் இசைத்தட்டு உறையில்கூட இடம்பெறவில்லை.

இளையராஜா இசையமைத்த பக்திப் படமான ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாடலிலிருந்து ஒரு பகுதியை அமெரிக்கக் குழுவான பிளாக் ஐட் பீஸ் 2003இல் வெளியான ‘எலிஃபங்க்’ தொகுப்பில் எடுத்தாண்டது. பின்னர் பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் அக்காலத்துப் பாடல்களை ‘சொல்லச் சொல்ல’ என்ற இசைத்தட்டாகத் தொகுத்தது. வெளிநாட்டார் தேடிய பிறகே உள்ளூர் இளைஞர் பலர் இவற்றை ‘ஃபங்க்’ என்று அழைக்கத் தொடங்கினர்.

மேடை

ஃபங்க்கின் மறுவருகைக்குத் தாம்பரம் வட்டாரத்தோடு தொடர்பு உண்டு. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் கிழக்குத் தாம்பரத்துக்கு மாறியது. அங்கு நடக்கும் ‘டீப்வுட்ஸ்’ கலைவிழா மேற்கத்திய இசைக் குழுக்களுக்கு ஒரு மேடை. அக்கல்லூரியில் படித்த பாடகர் பென்னி தயாள் பின்னர் ‘ஃபங்க்சுவேஷன்’ என்ற ஃபங்க் குழுவை நடத்தினார். கிட்டார் கலைஞர் பிரசன்னா தலைமையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2010இல் தொடங்கிய சுவர்ணபூமி இசைப் பள்ளி ஜாஸையும் கர்நாடக இசையையும் ஒருசேரக் கற்பித்தது. சென்னையின் ‘ஜடாயு’ குழு அவ்விரண்டோடு ஃபங்க்கையும் கலந்து வாசிக்கிறது. ஆசிட் ஜாஸ் இங்கே தனி இயக்கமாக வேர்விடவில்லை.

இன்று தாம்பரம், படப்பை, ஒரகடம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் திருவிழா மேடைகளிலும் அந்தக் காலத் திரைப்பாடல்களை வாசிப்பவை மெல்லிசைக் குழுக்களே. செலவைக் குறைக்க பேஸ் கிட்டார்காரரை விட்டுவிட்டு, கீபோர்டில் இடக்கையால் சமாளிக்கும் குழுக்களும் உண்டு. அங்கே பாட்டு சப்பென்று போய்விடும். ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தின் ‘இளமை இதோ இதோ’ மட்டும் எப்படி வாசித்தாலும் எடுபடுகிறது. டிசம்பர் 31 இரவுக் கச்சேரிகளில் அது இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது.