கர்தினாலின் அமைதியும் துறைமுக வாயிலும்

திராட்சைத் தோட்ட உவமையில், பொழுது சாயும் வேளையிலும் சந்தைவெளியில் நின்றவர்களை நாம் அறிவோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அமர்த்துவார் எவருமில்லை. 19ஆம் நூற்றாண்டின் இலண்டன் துறைமுக வாயில்களில் அந்தச் சந்தைவெளி நாள்தோறும் கூடியது.

கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. முண்டியடித்து நிற்கும் கூட்டத்திலிருந்து மேற்பார்வையாளர் சிலரை மட்டும் கைகாட்டி அழைப்பார். அழைக்கப்பட்டவருக்கும் சில மணி நேர வேலையே கிடைப்பதுண்டு. மணிக்குக் கூலி 5 பென்னி. தேவைக்கு மிஞ்சிய ஆட்கள் வாயிலில் காத்திருப்பது முதலாளிகளுக்கு வசதியாயிருந்தது. காத்திருந்த நேரத்திற்கு அவர்கள் எதுவும் கொடுக்கவில்லை.

1889 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் வெடித்தது. பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமை ஏற்றனர். மணிக்கு 6 பென்னி வேண்டும். ஒருமுறை அழைத்தால் 4 மணி நேரக் கூலியாவது உறுதியாக வேண்டும் என்பன அவர்தம் முதன்மைக் கோரிக்கைகள். அத்தொழிலாளருள் பலர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். 81 வயது நிரம்பிய கர்தினால் மேனிங் இருதரப்பாரிடமும் நடந்தார், பேசினார், மன்றாடினார். செப்டம்பர் நடுவில் உடன்பாடு பிறந்தது. அது ‘கர்தினாலின் அமைதி’ எனப் பெயர் பெற்றது. ஈராண்டுக்குள், 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் உழைப்பாளியின் கூலி அவன் வாழ்வுக்குப் போதுமானதாயிருத்தல் வேண்டும் எனப் போதித்தார்.

கூலி உயர்ந்தது, ஆயினும் வாயிற்கூட்டம் கலையவில்லை. 1920இல் அரசு அமைத்த விசாரணை மன்றத்தில் தொழிலாளர் சார்பில் வாதாடிய எர்னஸ்ட் பெவின், அவர்கள் வாங்கக்கூடிய அற்ப உணவைத் தட்டுகளில் வைத்தே காட்டினார். நாளுக்கு 16 ஷில்லிங் கிடைத்தது. வேலைக்கு உறுதி கிடைக்கவில்லை. அதே பெவின் 1940இல் தொழிலமைச்சரானார். போர்க்காலத் தேவை அவருக்குத் துணைநின்றது. தொழிலாளர் பெயர்ப் பதிவு கட்டாயமாயிற்று. 1947ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, வந்து வேலை கிடைக்காதவருக்கும் வருகைப்படி உண்டு. மறு ஆண்டே இந்தியாவும் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. சென்னையிலும் அதன்கீழ் வாரியம் அமைந்தது.

எல்லாத் தொழிலாளரும் இதை வரவேற்றனர் என்பதற்கில்லை. விரும்பிய நாளில் மட்டும் வேலைக்குப் போகும் உரிமையை இழக்கச் சிலர் தயங்கினர். நாட்கூலிமுறை அங்கு ஒழிந்து ஒவ்வொருவரும் நிலையான ஒரு முதலாளியிடம் சேர்க்கப்பட்டது 1967இல்தான். அதற்குள் கொள்கலன்கள் வந்துவிட்டன. கைகளுக்கு வேலை குறைந்தது. பெரும் வேலைநிறுத்தத்தின் நூறாம் ஆண்டான 1989இல் அரசே அத்திட்டத்தை நீக்கியது.

உவமையின் தலைவர் கடைசி மணியில் வந்தவருக்கும் முழுநாள் கூலி கொடுத்தார். காத்திருந்தவனுக்கும் வயிறு உண்டு, வீடு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அதைச் சட்டமாக எழுத ஒரு நாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அழிக்க ஒரே ஆண்டு போதுமானதாயிருந்தது. இன்றும் அழைப்புக்காகக் காத்திருப்போர் நம் தெருமுனைகளில் உண்டு. அவர்கள் காத்திருக்கும் நேரத்திற்கு யார் பொறுப்பு என்ற வினாவை நாம் தட்டிக்கழித்தலாகாது.