சவேரியாரின் தாய்மொழி

இந்தக் கூட்டத்துக்குத் தலைப்பு கேட்டபோது 'பாஸ்க் நாட்டில் பத்து நாட்கள்' என்று கொடுத்திருந்தேன். பேச உட்கார்ந்து குறிப்பு எழுதியபோது அது சவேரியாரைப் பற்றியதாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மணப்பாடு. கடலோரக் குன்றின் அடியில், அவர் தங்கி ஜெபித்ததாக நாங்கள் நம்பும் குகை ஒன்று இருக்கிறது. என் தாத்தா சவரிமுத்து, பெரியப்பா சேவியர், அத்தை சவரியம்மாள். எங்கள் கரையில் இந்தப் பெயர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் அந்தப் பெயர் எந்த மொழிச் சொல் என்று முப்பது வருடம் பிரான்சில் வாழ்ந்தும் நான் யோசித்ததில்லை. போர்த்துக்கீசியம் என்றே நினைத்திருந்தேன்.

போன வசந்தத்தில் மகளோடு பாரிசிலிருந்து ரயிலேறி பயோன் போய், அங்கிருந்து மலையடிவார ஊரான சான் ழான் பியே து போருக்குப் போனோம். மகளுக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் புரியும். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடங்களாக நடக்கும் உரையாடல் இது. இங்கே பலருக்கு விளக்கம் தேவைப்படாது.

பாஸ்க் நாடு என்பது வரைபடத்தில் தனி நாடல்ல. ஏழு பழைய நிலப்பகுதிகள். நான்கு ஸ்பெயினில், மூன்று பிரான்சில். நடுவில் பிரனீஸ் மலை. அவர்கள் தங்கள் மண்ணை 'எவுஸ்கால் எர்ரியா' என்கிறார்கள். எவுஸ்கரா மொழியின் நாடு என்று பொருள். பாஸ்க்காரர் என்பதற்கு அவர்களுடைய சொல் 'எவுஸ்கால்துன்'. அதை உடைத்தால் 'எவுஸ்கரா உடையவர்' என்று வரும். இரத்தமோ பிறப்போ அந்தச் சொல்லில் இல்லை.

நான் போனது வேறொரு மூட்டையோடு. ருமேனியரான நிக்கோலா லாகோவரியின் நூலொன்று 1963இல் ஆங்கிலத்தில் வந்தது. திராவிட மொழிகளுக்கும் பாஸ்க் மொழிக்கும் பழைய மத்தியதரைக்கடல் உறவு உண்டு என்று வாதிடும் நூல். கல்லூரிக் காலத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஐரோப்பாவில் நமக்கொரு பங்காளி இருக்கிறான் என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 'எச்சே' என்றால் வீடு. 'எச்சேயான்' என்றால் வீட்டில், 'எச்சேரா' வீட்டுக்கு, 'எச்சேத்திக்' வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபுகள் போலவே வால் வாலாக ஒட்டுகின்றன. ஆனால் துருக்கியிலும் ஃபின்னிஷிலும் ஜப்பானிய மொழியிலும் இப்படித்தான் ஒட்டும். ஒட்டுவதால் உறவாகிவிடாது.

பம்ப்ளோனாவில் எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிய இளம்பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "ஜார்ஜியாவிலிருந்து வருபவர்களும் இதையே சொல்கிறார்கள், பெர்பர் மக்களும் சொல்கிறார்கள்" என்றாள். பாஸ்க் மொழியியலாளர் கோல்தோ மிச்சேலேனா 1961இல் எழுதிய ஒலியியல் வரலாற்று நூல், ரோமானியர் காலக் கல்வெட்டுப் பெயர்களையும் லத்தீனிலிருந்து வந்த கடன்சொற்களையும் வைத்துப் பழைய பாஸ்க் மொழி எப்படி ஒலித்திருக்கும் என்று படிப்படியாகக் கட்டியெழுப்புகிறது. இன்றைய பாஸ்க் சொல்லை இன்றைய தமிழ்ச் சொல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை அதற்குப் பிறகு நிற்கவில்லை. எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்பதே இன்றைக்கும் நிலை. எனக்குச் சற்று ஏமாற்றம்தான், மறைக்க விரும்பவில்லை.

பம்ப்ளோனாவிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் ஹாவியேர் கோட்டை. சவேரியார் 1506 ஏப்ரல் 7 அன்று பிறந்த இடம். நாங்கள் போன அன்று பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். கோட்டைச் சிற்றாலயத்தில் வால்நட் மரத்தில் செதுக்கிய பழைய சிலுவை ஒன்று உண்டு. அதில் இயேசு புன்னகைக்கிறார். மகள் அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

பெயரின் பொருள் எனக்குத் தெரியவந்தது இங்கேதான். 'எச்சே பெர்ரி', புது வீடு. அதுதான் தேய்ந்து ஷபியேர், ஹாவியேர், சேவியர், சவேரியார் என்றானது. என் தாத்தா சவரிமுத்து தன் பெயரில் ஒரு பாஸ்க் வீட்டைச் சுமந்துகொண்டு எண்பது வருடம் மீன் பிடித்திருக்கிறார்.

அந்த வீடு பட்ட பாடும் சொல்லத் தகுந்தது. சவேரியாரின் தந்தை ஹுவான் தெ யாசோ சட்டம் படித்தவர், நவார் அரசின் அரசவைத் தலைவர். 1512இல் காஸ்தீய்யப் படைகள் நவாரைப் பிடித்தன. 1516இல் கர்தினால் சிஸ்னேரோஸின் ஆணைப்படி இந்தக் கோட்டையின் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். அப்போது பையனுக்குப் பத்து வயது. 1521இல் பம்ப்ளோனாவை மீட்க நடந்த சண்டையில் அண்ணன்மார் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம். எதிர்ப்பக்கத்தில் காஸ்தீய்யருக்காகக் கோட்டையைக் காத்து நின்று, குண்டு பட்டுக் கால் உடைந்தவர் இன்னொரு பாஸ்க்காரர்: லொயோலா இஞ்ஞாசியார். பின்னாளில் பாரிசில் இருவரும் ஒரே கல்லூரியில் தங்கினார்கள். முதலில் இவருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன?

1542இல் அவர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர்களின் ஞானஸ்நானம் அதற்குச் சில வருடங்கள் முன்பே, போர்த்துக்கீசியப் பாதுகாப்புக்கான ஏற்பாடாக நடந்து முடிந்திருந்தது. அவர் சந்தித்தது, ஞானஸ்நானம் பெற்றும் ஒரு ஜெபம்கூடத் தெரியாத மக்களை. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் தன் சிக்கலைச் சொல்கிறார்: அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் தாய்மொழி மலபார், என் தாய்மொழி பிஸ்காய். மலபார் என்று அன்றைய ஐரோப்பியர் குறித்தது தமிழை. பிஸ்காய் என்றது பாஸ்க் மொழியை. பாரிசில் பதினோரு வருடம் இருந்து லத்தீனில் பாடம் நடத்தியவர், போர்த்துக்கல் மன்னரின் கப்பலில் வந்தவர், எழுதுவது ஸ்பானிஷில். ஆனாலும் 'என் மொழி' என்று வரும்போது பாஸ்க்கைச் சொல்கிறார்.

இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். மொழிபெயர்ப்பு எப்படி இருந்திருக்கும்? அதே 1544இல் தோழர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது 'விரும்புகிறேன்' என்றாகிவிடும், அந்த இடத்தில் விசுவாசம் என்று மாற்றிக்கொள் என்கிறார். அதுவரை எங்கள் முன்னோர்கள் பிதாவையும் சுதனையும் 'வேணும்' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு இது தவறாகவே தோன்றவில்லை!

அவரை நான் வெறும் பக்தியோடு மட்டும் பார்ப்பதில்லை. கோவாவுக்கு மதவிசாரணை மன்றம் வேண்டும் என்று 1546இல் மன்னருக்கு எழுதியவரும் இவரேதான். ஆனால் அந்த மணப்பாட்டுத் தெருவில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசிய மனிதரை எனக்குத் தெரியும். பாரிசில் முதல் வருடம் ரொட்டிக்கடையில் நான் அப்படித்தான் நின்றேன்.

இன்னொரு பொருத்தம். பாஸ்க் மொழியின் முதல் அச்சுப் புத்தகம் 1545இல் போர்தோவில் வந்தது. சான் ழானுக்குப் பக்கத்துக் கிராமப் பங்குத்தந்தை பெர்னாத் எச்செபாரேயின் கவிதைகள். தமிழ்ச் சொற்கள் முதலில் அச்சேறியது 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில். எச்செபாரேயின் நூலில் மிஞ்சிய ஒரே பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டில்.

அதன்பின் இரண்டு மொழிகளும் வெவ்வேறு வழியில் போயின. ஆலைகள் வந்தபோது பாஸ்க் மொழி மலைப்பக்கம் ஒதுங்கியது. கெர்னிகாவில் ஓக் மரத்தடியில் நின்று பழைய உரிமைகளுக்கு உறுதிமொழி எடுப்பது வழக்கம். 1937 ஏப்ரல் 26, சந்தை நாள், ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அந்த ஊரை எரித்தன. மரம் தப்பியது. இப்போது நிற்பது 2015இல் நட்ட கன்று. பட்டுப்போன பழைய மரத்தின் அடித்தண்டைத் தனி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். பிராங்கோ வென்ற பிறகு பள்ளியில் பாஸ்க் இல்லை, பிறப்புப் பதிவேட்டில் பாஸ்க் பெயர் கூடாது. சவேரியாரின் பெயரைச் சொந்த மண்ணில் 'ஷபியேர்' என்று எழுத முடியாது, 'ஹாவியேர்' என்றே பதிய வேண்டும். அதே வருடங்களில் மணப்பாட்டில் நாங்கள் தடையில்லாமல் சவேரியார் என்று வைத்துக்கொண்டிருந்தோம்.

1940களில் சான் செபாஸ்தியானின் பழைய நகரில் எல்பிரா சிபிட்ரியா என்ற ஆசிரியை வீட்டு அறையில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாஸ்க் மொழியில் பாடம் நடத்தத் தொடங்கினார். அனுமதி கிடையாது. ஒரு கை விரலில் எண்ணும் அளவே பிள்ளைகள். அவரிடம் பழகிய இளம்பெண்கள் மற்ற ஊர்களில் அதையே செய்தார்கள். 'இகஸ்தோலா' எனப்படும் பாஸ்க் பள்ளிகளின் பிற்கால வளர்ச்சிக்கு அந்த அறைகளே விதை.

பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுத வேண்டும் என்றதும் அடுத்த சிக்கல். எந்த வட்டார வழக்கில் எழுதுவது? 1968 அக்டோபரில் ஓன்யாதி மலைமேலுள்ள அரான்சாசு மடத்தில் மொழிக் கழகத்தார் கூடினார்கள். சண்டை முக்கியமாக ஓர் எழுத்தைப் பற்றி: 'ஹ'. மலைக்கு வடக்கே அதை உச்சரிக்கிறார்கள், தெற்கே இல்லை. எழுதுவதா வேண்டாமா? மிச்சேலேனாவின் யோசனைப்படி எழுதுவதென்று முடிவானது. அதற்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் உண்டாம். நம் எழுத்துச் சீர்திருத்தச் சண்டைகளைப் பார்த்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வந்தன. அதே மடத்து ஆலய முகப்புக்கு ஓதெய்சா என்ற சிற்பி பதினான்கு அப்போஸ்தலர்களைச் செதுக்கினார். ஏன் பதினான்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1950களில் திருச்சபை வேலையை நிறுத்தச் சொல்ல, கற்கள் பல வருடம் சாலையோரம் கிடந்து, 1969இல்தான் மேலே ஏறின.

ஆயுதத்தின் கதையை விட்டுவிட்டுப் போக முடியாது. 1959இல் தோன்றிய ஏட்டா இயக்கம் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2018இல் தன்னைக் கலைத்துக்கொண்டது. அதைப் பற்றிக் கேட்டபோது பம்ப்ளோனாப் பெண்ணின் முகம் மாறியது. நான் மேலே கேட்கவில்லை. இங்கே ஈழத்து நண்பர்கள் இருக்கிறார்கள், அந்த மௌனம் அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஓன்யாதியில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவின் பெற்றோர் 1960களில் தெற்கே எஸ்த்ரெமதுராவிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் ஸ்பானிஷ் மட்டும். அவர் நாற்பத்தைந்து வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து பாஸ்க் படித்தவர். அப்படிப் பின்னால் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'எவுஸ்கால்துன் பெர்ரி', புதிய பாஸ்க்காரர். சவேரியார் பெயரிலுள்ள அதே 'பெர்ரி'. 2016இல் பாஸ்க் பேசியவர்கள் சுமார் ஏழரை லட்சம் பேர். 1991இல் மக்களில் நூற்றுக்கு 22 பேராக இருந்தவர்கள் 2016இல் 28 பேரானார்கள். இப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்கள் இல்லாமல் அந்தக் கூடுதல் வந்திருக்காது.

"என் மகன் முழுக்கப் பாஸ்க் பள்ளியில் படித்தவன்" என்றார் அந்த அம்மா. "சிநேகிதர்களோடு தெருவில் ஸ்பானிஷ்தான் பேசுகிறான். நான் பாஸ்க்கில் கேட்பேன், அவன் ஸ்பானிஷில் பதில் சொல்வான்." மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காபிக் கோப்பையைப் பார்த்தேன்.

பெயர் விவரத்தைச் சொன்னதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. எச்சே பெர்ரிக்கு உங்கள் மொழியில் என்ன? "புது வீடு" என்றேன். "புது வீரு" என்றார். இல்லை, வீடு. "வீது." நான் இன்னொரு தடவை சொல்வதற்குள் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நாக்கை மேலே மடிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினாள். "வீடு" என்றாள். "புது வீடு. எங்க வீடு."

அந்த அம்மா மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார்.