போக்கர் பங்கு ஒப்பந்தம்

போக்கர் போட்டியின் நுழைவுக் கட்டணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ செலுத்துபவர், ஆட்டக்காரரின் வெற்றித்தொகையில் பங்கு பெறும் உடன்பாடு. பெரும்பாலும் வாய்மொழியாகவே அமைகிறது. ஆட்டக்காரர் தோற்றால் பணம் போட்டவருக்கு எதுவும் திரும்பாது. அந்த இழப்புக்கு முன்கூட்டியே உடன்படுவதே அவருடைய பங்குரிமைக்கு அடிப்படை.

பரிசு பெரிதாகும்போது கொடுத்த வாக்கு சோதனைக்குள்ளாகிறது. 2006-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 8,773 பேர் பங்கேற்றனர். ஜேமி கோல்டு 1.2 கோடி டாலர் வென்றார். போட்டியில் விளையாடப் பிரபலங்களைத் திரட்டக் கோல்டுக்கு உதவியதற்கு ஈடாகப் பரிசில் பாதி தமக்கு வாக்களிக்கப்பட்டதாகக் கிறிஸ்பின் லெய்சர் என்பவர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். இங்கே ஈடு பணமன்று, உழைப்பு. 2007-இல் விவரம் வெளியிடப்படாத சமரசத்தில் வழக்கு முடிந்தது.

பங்கு விகிதம், வரிச்சுமை, பணம் தரும் காலம் ஆகியவற்றை ஆட்டத்துக்கு முன்பே எழுதிக்கொள்வது பூசலைத் தவிர்க்கும். ஆயினும் எழுத்து இல்லை என்பது வாக்கை மீறுவதற்கான நியாயம் ஆகாது. வென்றபின் பங்கைக் குறைப்பது, இழப்பை மட்டும் பிறர்மேல் சுமத்தும் அறமற்ற செயல்.