விமானப் பணிக்குழுவினரின் நகைச்சுவை: வரலாறும் வரம்பும்

பயணிகள் விமானத்தில் விமானிகளும் கேபின் பணியாளர்களும் பணிநேரத்தில் பேசும் வேடிக்கைப் பேச்சுக்குத் தனி வரலாறு உண்டு. அதை ஊக்குவித்த நிறுவனமும் அதற்கு வரம்பு விதித்த சட்டமும் அமெரிக்காவில் தோன்றியவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இவ்வரலாறு முழுமையாகப் புரியும்.

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971 ஜூன் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. கட்டணம் குறைவு. பயணம் சுமார் ஒரு மணி நேரமே என்பதால் சாப்பாடு கிடையாது. அந்நாளில் வேர்க்கடலைப் பொட்டலம் மட்டும் தந்தார்கள். இந்தக் குறைகளைப் பணியாளர்களின் கலகலப்பு ஈடுசெய்தது. நிறுவனர்களுள் ஒருவரான ஹெர்ப் கெல்லெஹர், ஆள் எடுக்கும்போது நகைச்சுவை உணர்வையும் ஒரு தகுதியாகப் பார்த்தார். வேலையைக் கற்றுக்கொடுக்கலாம், மனப்பான்மையைக் கற்றுக்கொடுப்பது கடினம் என்பது அவர் கொள்கை.

இருக்கைப் பட்டை, ஆக்சிஜன் முகமூடி, அவசர வழி ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்பு சட்டப்படி கட்டாயமானது. அடிக்கடி பறப்பவர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. அதையே பாட்டாகவும் வேடிக்கையாகவும் சொன்னபோது செய்தித்தாளில் மூழ்கியிருந்தவரும் தலை நிமிர்ந்தார். சொல்ல வேண்டிய செய்தி எதுவும் குறையவில்லை. சொல்லும் விதம் மட்டுமே மாறியது.

1974 விபத்தும் 1981 விதியும்

விமானி அறையின் நிலை வேறு. 1974 செப்டம்பர் 11 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று பனிமூட்டத்தில் வட கரோலினாவின் சார்லட் நகரில் தரையிறங்க முயன்று, ஓடுதளத்தை எட்டும் முன்பே தரையில் மோதியது. அதில் இருந்த 82 பேரில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாழ இறங்கும் வேளையில் விமானிகள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. உயரத்தைக் கவனிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என விசாரணை கண்டது.

இத்தகைய விபத்துகளைத் தொடர்ந்து 1981இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 'ஸ்டெரைல் காக்பிட்' விதியைக் கொண்டுவந்தது. தரையில் ஓடும்போதும், புறப்படும்போதும், இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் (சுமார் 3,000 மீட்டர்) கீழே பறக்கும்போதும் விமானி அறையில் பணிக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது.

விதி இருந்தும்

1988 ஆகஸ்ட் 31 அன்று டல்லஸ்-ஃபோர்ட் வொர்த் நிலையத்தில் டெல்டா ஏர்லைன்ஸின் போயிங் 727 ஒன்று புறப்பட வரிசையில் காத்திருந்தது. விமானிகள் பணிப்பெண் ஒருவருடன் அரட்டையில் இருந்தனர். விபத்தில் சிக்கும் விமானத்தின் ஒலிப்பதிவில் என்னென்ன பேச்சு பதிவாகியிருக்கும் என்றும் கேலி பேசினர். புறப்படும்போது எழும்பும் விசையைக் கூட்டுவதற்காக இறக்கையில் கீழிறக்க வேண்டிய 'ஃபிளாப்' எனும் மடல்கள் இறக்கப்படவில்லை. எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை. விமானம் மேலெழ முடியாமல் விழுந்தது. 108 பேரில் 14 பேர் இறந்தனர். அவர்கள் பேசிய அந்தக் கேலிப் பேச்சே விசாரணைக்குச் சான்றானது.

நெருக்கடியில் ஒரு சொல்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று ஜாவா அருகே எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்ததில் அதன் நான்கு எஞ்சின்களும் நின்றன. தலைமை விமானி எரிக் மூடி அதைப் பயணிகளுக்கு 'ஒரு சிறிய சிக்கல்' என்று அறிவித்தார். உண்மையையும் மறைக்கவில்லை, பதற்றத்தையும் காட்டவில்லை. குழுவினர் இடைவிடாமல் முயன்று எஞ்சின்களை மீண்டும் இயக்கினர். விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. 263 பேரும் உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். பயணியின் கவனத்தை ஈர்க்கும் நகைச்சுவையும், அவர் அச்சத்தைத் தணிக்கும் நகைச்சுவையும் பணியின் பகுதியே. விமானியின் கவனத்தைக் கலைக்கும் நகைச்சுவைக்குப் பயணிகள் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.